அணுவெடிச் செம்பும் குகதாசனின் கையெழுத்தும்

குகதாசன் வேலை செய்த கொம்பனி, லண்டனின் ஃபரிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சுரங்கம் தோண்டுபவர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர்களின் தொழில். எழுதுபவர்கள் பொறியியலாளர்கள். எழுதியதில் உள்ள கணக்கை வேறொருவர் முதலிலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்து, தாளின் கீழ் மூலையில் 'சரிபார்த்தவர்' என்றிருக்கும் பெட்டிக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் கந்தோரை விட்டு வெளியே போகாது. 1986ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் குகதாசனின் கையெழுத்துத்தான் இருந்தது.

அவர் அளவெட்டிக்காரர். பேராதனையில் இரசாயனம் படித்து, யாழ்ப்பாணத்தில் சில காலம் படிப்பித்து, 1971இல் ஆசிரியர் ஒப்பந்தத்தில் சாம்பியாவுக்குப் போனவர். அந்தக் காலத்தில் அப்படிப் போன யாழ்ப்பாணத்தவர்கள் நிறையப் பேர். மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த பிறகு, பக்கத்துச் செம்புச் சுரங்கத்தின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. அங்கேதான் அவர் தொழிலைப் படித்தார். தாதுக் கல்லின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் செம்பு கரைந்து நீலத் தண்ணீராக வரும். அந்தத் தண்ணீரை நீண்ட தொட்டிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் செம்பு தகடு தகடாகப் படியும். அந்தத் தொட்டிகள் இருந்த மண்டபத்தில் அவர் ஒன்பது வருடம் நின்றார். ஊருக்குத் திரும்பி வீடு கட்டுவதாகத்தான் எண்ணம். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, மனைவி சிவகௌரிக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்ததும், இருவரும் மகளோடு வந்து ஹரோவில் குடியேறினார்கள். அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் இருந்துவிட்டுத்தான் ஃபரிங்டன் வேலைக்கு வந்தார்.

கந்தோரில் அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பென்சிலால் அவர் ஓரத்தில் போடும் சிறிய கேள்விக்குறிக்கு எல்லோரும் பயந்தார்கள். ஒருமுறை கானா நாட்டுச் சுரங்கம் ஒன்றின் பம்பு, தண்ணீரை மேலே ஏற்றுவதற்குப் பதிலாகக் கீழே இறக்கும்படி கணக்கிடப்பட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பொறியியலாளர்களில் மூத்தவரான ட்ரெவர் பாஸ்கோ அன்று மத்தியானம் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பாஸ்கோ கோர்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர். தகரச் சுரங்கங்களில் நாலைந்து தலைமுறையாக வேலை செய்த குடும்பம். அந்தத் தேநீருக்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒரு மதிப்பு வளர்ந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மார்ச் மாதம் பாஸ்கோ ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து குகதாசனின் மேசையில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். சோவியத் நாட்டிலிருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணமுடை. கையில் இருக்கும் தொழில்நுட்பத்தை வெளியில் விற்கப் பார்க்கிறார்கள். ஆசியப் பகுதியில், ஆள் நடமாட்டம் குறைந்த மலைகளுக்கு அடியில், நானூறு மீற்றர் ஆழத்தில் ஒரு பெரிய செம்புப் படிவு கிடக்கிறது. நூறு கிலோ பாறையில் நானூறு கிராம் செம்புதான். தோண்டி எடுத்தால் கட்டாது. ஆகவே தோண்டாமல் எடுக்கலாம் என்கிறார்கள். ஒரு துளை போட்டு, அதற்குள் அணுவெடியை இறக்கி வெடிக்கவைப்பது. பாறை நிலத்துக்குள்ளேயே நொறுங்கும். பிறகு மேலிருந்து அமிலத்தை விட்டு, கீழே கரைந்து வரும் செம்பைப் பம்பால் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். லண்டன் தரகர் ஒருவர் இதற்கு முதலீட்டாளர்களைத் தேடுகிறார். அவர்களுக்குக் காட்ட நடுநிலையான அறிக்கை ஒன்று தேவை. பாஸ்கோ எழுதப் போகிறார். குகதாசன் சரிபார்க்க வேண்டும்.

இது பைத்தியக்காரத்தனமில்லையா என்று குகதாசன் கேட்டார். பாஸ்கோ தானும் முதலில் அப்படித்தான் நினைத்தாராம். ஆனால் அறுபதுகளில் அமெரிக்கர்களும் இதே யோசனையைத் தீவிரமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அது நடக்கவில்லை, அவ்வளவுதான், முதலில் கணக்கைப் பாருங்கள் என்றார்.

குகதாசன் கணக்கைப் பார்த்தார். ரயிலில் பார்த்தார், மத்தியானச் சாப்பாட்டின்போது பார்த்தார், சனிக்கிழமை மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போய்விட்டு அந்தப் பள்ளிக்கூடத்தின் நடைகூடத்தில் இருந்தும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது அவரைப் பிடித்துக்கொண்டது. இருபது கிலோதொன் வெடி ஒரு கணத்தில் பாறையை ஆவியாக்கி, நிலத்துக்கடியில் ஒரு பெரிய உருண்டை வெளியை உண்டாக்கும். சிறிது நேரத்தில் அந்த வெளியின் கூரை இடிந்து விழும், அதற்கு மேலிருப்பதும் இடிந்து விழும். கடைசியில் நூற்று முப்பது மீற்றர் உயரத்துக்கு, நொறுங்கிய கல் நிரம்பிய கிணறு போல ஒன்று மிஞ்சும். பத்து லட்சம் தொன் தாது. உடைக்க ஓராளும் உள்ளே இறங்கத் தேவையில்லை. கதிரியக்கம் உள்ள பொருட்களில் பெரும்பகுதி அடியில் உருகிய பாறையோடு கலந்து கண்ணாடி போல இறுகிவிடும். அமிலம் அதை அவ்வளவாகத் தீண்டாது. ருதேனியம் என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் கரைந்து வந்தாலும், மின்சாரத்தால் செம்பைப் படியவைக்கும்போது அது பின்தங்கிவிடும். வெளியே வரும் தகடு சுத்தமான செம்பு. ஒவ்வொரு எண்ணாகத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. இப்படி ஒழுங்கான கணக்கை அவர் அந்தக் கந்தோரில் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவகௌரி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, முழுவதையும் அவளுக்குச் சொன்னார். அடுப்பு மேடையில் உப்புப் போத்தலையும் கோப்பைகளையும் அடுக்கி, எது வெடிக்கும் எது இடியும் என்று காட்டினார். சிவகௌரி வேலையை நிறுத்தாமல் கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் கதிரோடு புழங்குகிறவள் அவள். கதிர் என்றதும் பதறுகிற ஆள் இல்லை. சட்டையில் குத்தியிருக்கும், பட்ட கதிரைக் காட்டும் சிறிய பிலிம் பட்ஜ் மாதாமாதம் சோதனைக்குப் போய் வரும். சாம்பியாவிலும் லண்டனிலுமாகப் பதினைந்து வருடத்தில் அவளுடைய அளவு ஒருமுறையும் மேலே போனதில்லை.

"செம்பு சுத்தம் எண்டு சொல்லுறியள். சரி. தண்ணி?" என்று கேட்டாள்.

தண்ணீரில் ட்ரிற்றியம் இருக்கும் என்றார் குகதாசன். அது ஐதரசனின் ஒரு வகை. தண்ணீரோடு தண்ணீராகச் சேர்ந்துவிடும், வடித்தாலும் காய்ச்சினாலும் பிரியாது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பாதியாகும். அதே அமிலத் தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் என்பதால் அது தொட்டி மண்டபத்துக்கும் வரும். ஆனால் வேலையாட்களுக்குச் சேரும் அளவு, சட்டம் அனுமதிக்கும் அளவில் எட்டில் ஒரு பங்குதான்.

"அதை ஆர் அளக்கிறது? உது மெல்லிய கதிர், எங்கட பட்ஜ் பிடிக்காது. ஒவ்வொருத்தரிட்டையும் கிழமைக்குக் கிழமை சலம் எடுத்துப் பார்க்கோணும். எத்தினை பேர் வேலை செய்யினம்?"

முந்நூறு பேர் என்றார் குகதாசன்.

"முந்நூறு போத்தில்," என்றாள் சிவகௌரி. "உங்கட அறிக்கையில அந்த லாப் எங்க இருக்கு?"

அறிக்கையில் அந்தச் சிறுநீர் சோதிக்கும் ஆய்வுகூடம் இல்லை. குகதாசன் அதை ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். அது பெரிய விஷயமாக அவருக்கு அப்போது படவில்லை. ஓர் ஆய்வுகூடம் சேர்த்தால் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அதற்குள் விஷயம் ஹரோ முழுவதும் பரவிவிட்டது. தமிழ் வகுப்பு நடைகூடத்தில் அவர் வைத்திருந்த கோப்பில் வெடிப் படத்தைப் பார்த்த யாரோ சொல்லி, குகதாசன் ரஷ்யாக்காரருக்கு அணுகுண்டு செய்கிறார் என்று கதை போனது. அந்த ஜூன் மாதம் ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. விமானங்கள் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டன. அவருடைய தமக்கை குடும்பம் அளவெட்டியை விட்டு மானிப்பாய்க்குப் போய்விட்டது என்று ஒரு கடிதம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த நேரத்தில் குண்டு, வெடி என்ற சொற்களைச் சனம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கத் தயாராக இல்லை. வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும் யோகராஜா, அவரை விடப் பத்து வயது இளையவர், ஒரு சனிக்கிழமை நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"அண்ணை, அங்க எங்கட சனத்தின்ர தலையில குண்டு விழுது. நீங்கள் இஞ்ச இருந்து எந்தக் குண்டு எவ்வளவு கல்லை உடைக்கும் எண்டு கணக்குப் பார்க்கிறியள். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

இது கல் உடைக்கிற வெடி, ஆள் உடைக்கிறதில்லை என்று குகதாசன் சொன்னார். சொன்ன பதில் சரிதான் என்றே அவர் நம்பினார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையிலிருந்து கணக்குக் கோப்பை வகுப்புக்குக் கொண்டுபோவதை நிறுத்திக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் பாஸ்கோவின் அறிக்கை முழுதாக வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம். குகதாசன் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து வந்தார். நூற்று நாற்பதாம் பக்கத்தில், தொட்டி மண்டபத்தின் கணக்கில், ஒரு வரியில் பென்சில் நின்றது. காற்று விசிறிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நேரம் ஓடும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. அடுத்த வரியில், வேலையாட்கள் எப்போதும் நல்ல கையுறை போட்டிருப்பார்கள் என்று இருந்தது. எட்டில் ஒரு பங்கு என்ற விடை இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் வந்தது.

கணக்காகப் பார்த்தால் அதில் பிழையில்லை. கொடுத்த எண்களுக்கு விடை சரி. ஆனால் குகதாசன் அந்த மண்டபத்தில் நின்றவர். தகட்டின் பக்கத்தில் எழும் குமிழிகள் உடைந்து அமிலத்தைப் பனிப்புகார் போலக் காற்றில் தூக்கும். விசிறி நின்ற நாளில் கண் எரியும், பல் கூசும். அவர் இருந்த இடத்தில் ஒருமுறை பெரிய விசிறியின் தாங்கி உடைந்து, மாற்றுப் பாகம் கப்பலில் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் மண்டபத்தை மூடவில்லை. கையுறை மாதத்துக்கு ஒரு சோடிதான். பத்தாம் நாள் விரல் நுனியில் ஓட்டை விழுந்துவிடும். அந்த அமிலப் புகாரை அமுக்குவதற்காகத் தொட்டிகளின் மேல் மிதக்க விட்டிருந்த பிளாஸ்ரிக் பந்துகள் மாதம் நூறு இருநூறு குறையும். வேலையாட்கள் பிள்ளைகளுக்கு விளையாட எடுத்துப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பந்துகள் வீடுகளின் முன்னால் உருளும். அவரே தன் மகளுக்கு ஒன்று கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அப்போது அது அமிலம் மட்டும்தான். கழுவினால் போய்விடும்.

அவர் விசிறி நூற்றுக்கு அறுபது நேரம் ஓடும் என்று எடுத்து மறுபடி போட்டார். எட்டில் ஒரு பங்கு என்றிருந்த அளவு எல்லையின் அரைவாசியாக உயர்ந்தது. கிழிந்த கையுறையையும் சேர்த்தார். தொட்டிகளுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு அளவு எல்லையைத் தாண்டியது. இரண்டு தரம் போட்டார். அதே விடைதான்.

பாஸ்கோவிடம் கொண்டுபோனார். பாஸ்கோ பொறுமையாகக் கேட்டார். அறுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் ஞாபகத்திலிருந்து என்றார் குகதாசன். ஞாபகத்தை அடிக்குறிப்பில் போட முடியாது என்று பாஸ்கோ சொன்னார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. தொண்ணூற்றெட்டுக்கு விசிறி செய்தவர்களின் தாள் இருக்கிறது, அறுபதுக்கு ஒன்றும் இல்லை. பிறகு, இது புதிய ஆலை, நல்ல விசிறியைப் பூட்டுவார்கள். உங்கள் வேலை கணக்கைச் சரிபார்ப்பது, கணக்கு சரியா பிழையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

சரி என்றார் குகதாசன். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த ஒரு பக்கம் அவருடைய மேசையில் கிடந்தது. அவர் கோபப்படவுமில்லை, கடிதம் எழுதவுமில்லை. மற்ற வேலைகளை வழக்கம்போல் செய்தார். தரகர் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கூப்பிட்டார். இயக்குநர்களில் ஒருவர் கீழே வந்து, உடல்நலம் சரியில்லையா என்று குகதாசனைக் கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் சிவகௌரிக்குத்தான் கவலை. ஐம்பது வயதில் இன்னொரு முறை வேலை தேடுவது என்றால் திரும்பவும் பெற்றோல் நிலையம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கையெழுத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒருநாள், நீங்கள் கண்டதை எழுதினால் என்ன என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்கு அத்தாட்சி இல்லையாம்."

"நீங்கள் ஒன்பது வருசம் நிண்டதுக்கு அத்தாட்சி இருக்குத்தானே. திகதி போட்டு எழுதுங்கோ. நாங்கள் ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் எழுதிறனாங்கள்."

அந்தக் கிழமையே அவர் ஒரு பின்னிணைப்பு எழுதினார். அறிக்கைக்கு ஏற்கனவே ஏழு பின்னிணைப்புகள் இருந்தன, இது எட்டாவது. நான்கு பக்கம். எந்த வருடம் எந்த மாதம் எந்த விசிறி எத்தனை நாள் நின்றது, கையுறை எத்தனை நாளில் கிழிந்தது, பந்துகள் எங்கே போயின என்று எழுதினார். சுரங்கத்தின் பெயரைப் போடவில்லை. அங்கிருந்தவர்களைக் குறை சொல்லவுமில்லை. பழைய நாட்குறிப்புகள் அலுமாரிக்கு மேல் ஒரு பெட்டியில் இருந்தன. தேதிகளை அவற்றிலிருந்து எடுத்தார். கடைசியில் புதிய கணக்கும், முந்நூறு பேருக்கும் கிழமைதோறும் சோதனை வேண்டும் என்ற குறிப்பும்.

பாஸ்கோ அதை வாங்கி வைத்துக்கொண்டார். போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்று ஏப்ரலில் சோவியத் நிறுவனத்திலிருந்து இருவர் லண்டனுக்கு வந்தார்கள். தமாரா இவானோவ்னா என்ற பொறியியலாளர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், கட்டைத் தலைமயிர். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். கந்தோரின் பெரிய அறையில் கூட்டம். தரகர், ஓர் இயக்குநர், பாஸ்கோ, கடைசி நாற்காலியில் குகதாசன். கணக்கு பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்காக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தமாரா இவானோவ்னா காலை முழுதும் பேசினார். தன் நாட்டில் தாதுப் பாறையை உடைக்க இந்த வெடியைப் பயன்படுத்தியபோது தானே நின்று பார்த்ததாகச் சொன்னார். சத்தம் பெரிதாக இல்லையாம். காலடியில் நிலம் ஒருமுறை எழும்பி, விரித்த போர்வையை உதறியது போல அலைந்து, பிறகு படுத்துக்கொண்டதாம். தூரத்து மலைச்சரிவில் இருந்த பனி முழுதும் ஒரே நேரத்தில் வழுக்கி இறங்கியதாம். அவர் கைகளால் அதைக் காட்டியபோது மொழிபெயர்ப்பாளர் பேச வேண்டியே இருக்கவில்லை. குகதாசன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஒரு வருடமாகத் தாளில் கண்டதை ஒருவர் கண்ணால் கண்டிருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தரகர், அறிக்கை எப்போது முடியும் என்று கேட்டார். இயக்குநர் பாஸ்கோவைப் பார்த்தார். பாஸ்கோ எழுந்து, ஒரே ஒரு பக்கத்தில் சரிபார்ப்பவரின் கையெழுத்து இன்னும் விழவில்லை என்றார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அதற்கான காரணத்தை அவரே சொல்லட்டும் என்று குகதாசன் பக்கம் கையைக் காட்டினார்.

குகதாசன் எழுந்து நின்றார். பேசத் தயார் செய்திருக்கவில்லை. தமாரா இவானோவ்னாவை நேராகப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அம்மா, உங்கள் நாட்டில் உலோகத் தொட்டி மண்டபங்களில் விசிறிகள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் குகதாசன் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார், அது நல்ல சிரிப்பு. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "வரைபடத்தில் எப்போதும் ஓடும்."

தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமாரா இவானோவ்னா அவரைக் கையால் தடுத்து, பின்னிணைப்பைக் கேட்டு வாங்கினார். நான்கு பக்கத்தையும் மொழிபெயர்ப்பாளர் அவருக்கு வரி வரியாக வாசித்துச் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். பந்துகளைப் பற்றிய இடத்தில் அவர் தலையை ஆட்டினார். கடைசியில், வெடியைப் பற்றித் தனக்குத் தெரியும், அதற்குத் தான் பொறுப்பு; தொட்டி மண்டபம் தன் துறை இல்லை, அந்த எண்களையும் விசிறி செய்தவர்களின் தாளையும் ஓர் அமைச்சு அனுப்பியது, தான் திரும்பப் பார்க்கவில்லை என்றார். இதை அறிக்கையில் போடுங்கள் என்றும் சொன்னார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் பழைய விடைக்குப் பக்கத்தில் புதிய விடையும் போடப்பட்டது. அன்று மாலையே குகதாசன் அந்தப் பெட்டிக்குள் கையெழுத்து வைத்தார். பாஸ்கோ அந்த இடத்திலேயே நின்று பார்த்தார். நான் இந்தப் பின்னிணைப்பை ஆறு மாதத்துக்கு முன்னமே போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை அச்சாகித் தரகரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் நடுப்பகுதியில். அடுத்த கிழமை மொஸ்கோவில் இராணுவத் தாங்கிகள் தெருவில் நின்றதைத் தொலைக்காட்சி காட்டியது. டிசம்பரில் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. முதலீட்டாளர்கள் யாராவது எட்டாவது பின்னிணைப்பை வாசித்தார்களா, வாசித்து மனம் மாறினார்களா என்பது கடைசி வரை தெரியவில்லை. தரகரின் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அறிக்கையின் இரண்டு பிரதிகள் கந்தோரின் கீழ்த்தள அலுமாரியில் தூங்கின.

தொண்ணூற்று மூன்றில் தமாரா இவானோவ்னாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ உதவி செய்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நிறுவனத்தை மூடிவிட்டார்களாம், தாள்களை எல்லாம் யாரோ லொறியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். தான் செய்த வேலையில் தன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். குகதாசன் பாஸ்கோவிடம் அனுமதி வாங்கி, மத்தியான நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு பக்கத்தையும் தானே நின்று பிரதி எடுத்து அனுப்பினார். கிடைத்தது என்று பதில் வரவில்லை.

பாஸ்கோ அடுத்த வருடம் ஓய்வு பெற்றுக் கோர்ன்வாலுக்குப் போனார். போகுமுன் குகதாசனின் வேலையை மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு கொம்பனி எழுதும் செம்பு ஆலை அறிக்கைகளில் காற்றோட்டப் பகுதியைக் குகதாசனே எழுதினார். 'தயாரித்தவர்' என்ற பெட்டியில் அவர் பெயரும், 'சரிபார்த்தவர்' என்ற பெட்டியில் வேறொருவர் பெயரும் வரத் தொடங்கின. அதற்காக இரண்டு முறை சிலிக்குப் போய் வந்தார். யோகராஜாவோடு கதை பேச்சு பழையபடி வந்துவிட்டது. அணுகுண்டுக் கதையை இருவரும் பிறகு எடுக்கவில்லை.

தொண்ணூற்றாறு செப்டெம்பரில் ஒருநாள், மாலை ரயிலில், பக்கத்து ஆளின் பத்திரிகையில் ஒரு செய்தியைப் பார்த்தார். நியூயோர்க்கில் நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத் தொடங்கியிருந்தன. இனி எந்த அணுவெடியும் கூடாது. ஆயுதம் என்றாலும் கூடாது, சமாதான வேலைக்கு என்றாலும் கூடாது. ஹரோவில் இறங்கி அதே பத்திரிகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சிவகௌரி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். செய்தியை வாசித்துக் காட்டினார். நல்ல விஷயம்தானே என்றாள் அவள்.

"ஓம், நல்ல விசயம்தான்," என்றார் குகதாசன். பத்திரிகையை மடித்தார். பிறகு, ஆறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னார். "இஞ்ச பாரும். அந்தக் கல் இடிஞ்சு கிணறு மாதிரி வாறதை நான் ஒருக்கா பார்க்க ஆசைப்பட்டனான். விசிறிப் பக்கத்தை எழுதினதும் நான்தான். இரண்டும் உண்மை."

சிவகௌரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அண்டைக்குக் குசினியில கோப்பையை அடுக்கிக் காட்டேக்க உங்கட முகத்தைப் பார்த்தனான்."

மகள் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வாரம் வருவதாக இருந்தாள். அவளுடைய அறையில் கட்டில் விரிப்பை மாற்ற வேண்டும், மின்குமிழ் ஒன்று எரியவில்லை என்று சிவகௌரி சொன்னாள். குகதாசன் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.